சாயக் கழிவுநீரும் உலோக ஆக்சைடுத் துகள்களும்

சாயக் கழிவுநீரிலிருந்து சாய மூலக்கூறுகளை நீக்க உலோக ஆக்சைடுத் துகள்களைப் பயன்படுத்தும் முறை, வேதியியலில் இன்று பெருமளவில் ஆராயப்படும் துறைகளுள் ஒன்று. டைட்டானியம் டைஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, இரும்பு ஆக்சைடுகள், அலுமினா ஆகியவை இதில் முதன்மையானவை. இவை இரண்டு வழிகளில் செயல்படுகின்றன. ஒன்று, சாயத்தைத் தம் புறப்பரப்பில் ஒட்டவைத்து நீரிலிருந்து பிரித்தெடுத்தல். இது பரப்புக் கவர்தல் எனப்படும். மற்றொன்று, ஒளியின் துணையுடன் சாய மூலக்கூறைச் சிதைத்தல். இது ஒளிவினையூக்கம் எனப்படும். இத்துறை உருவான வரலாற்றையும், ஆய்வகத்தில் அது பெற்ற வெற்றிக்கும் சாயப்பட்டறையின் தேவைக்கும் இடையே இன்றும் நீடிக்கும் இடைவெளியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நிறமூன்றி: பழைய உறவு

உலோக ஆக்சைடுகளுக்கும் சாயங்களுக்கும் உள்ள ஈர்ப்பை முதலில் அறிந்து பயன்படுத்தியவர்கள் சாயத் தொழிலாளர்களே. பருத்தி இழையில் பல இயற்கைச் சாயங்கள் தாமாகப் பற்றுவதில்லை. எனவே துணியை முதலில் படிகாரக் கரைசலில் நனைப்பார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் நீருடன் வினைபுரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடாக இழையில் படிகிறது. அந்தப் படிவு சாயத்தைப் பற்றிக்கொள்கிறது. இவ்வாறு பயன்படும் பொருளுக்கு நிறமூன்றி என்று பெயர்.

சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகளுக்கு உலகெங்கும் மதிப்பிருந்த காலத்தில், சாயவேரின் சிவப்பு இந்த முறையில்தான் துணியில் ஊன்றப்பட்டது. சாயவேரில் உள்ள அலிசரின் அலுமினியத்துடன் சேரும்போது சிவப்பையும், இரும்புடன் சேரும்போது கருஊதாவையும் தருகிறது. கலம்காரி ஓவியர்கள் இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் ஊறவைத்து எடுத்த கரைசலைக் கடுக்காய்ச் சாறேற்றிய துணியில் தீட்டிக் கருப்புக் கோடுகளைப் பெற்றார்கள்.

இன்றைய ஆய்வகங்களில் அலுமினா அல்லது இரும்பு ஆக்சைடுத் துகள்களைச் சாய நீரில் இட்டுக் கலக்கி நிறத்தைப் பிரிப்பதும் அடிப்படையில் இதே ஈர்ப்பினால்தான். அன்று சாயத்தைத் துணியில் நிறுத்தப் பயன்பட்ட பண்பு, இன்று அதை நீரிலிருந்து எடுக்கப் பயன்படுகிறது.

செயற்கைச் சாயங்களின் வருகை

1856-ல் இலண்டனில் 18 வயது மாணவரான வில்லியம் ஹென்றி பெர்கின், மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றபோது ஊதா நிறச் சாயம் ஒன்றைப் பெற்றார். மாவ் எனப்பட்ட அச்சாயம் செயற்கைச் சாயத் தொழிலுக்குத் தொடக்கமாக அமைந்தது. 1858-ல் பீட்டர் கிரீஸ் கண்டறிந்த டயசோ வினை, பின்னாளில் நூற்றுக்கணக்கான அசோ சாயங்களுக்கு வழிவகுத்தது. 1859-ல் பிரான்சில் ஃபுக்சின் என்னும் மெஜந்தாச் சாயமும், 1876-ல் ஜெர்மனியில் ஹென்ரிச் காரோவின் மெத்திலீன் நீலமும், 1884-ல் காங்கோ சிவப்பும் வந்தன. 1860களின் இறுதியில் அலிசரினைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறையும் கண்டறியப்பட்டது. அதனால் சாயவேருக்கும் மஞ்சிட்டிக்கும் இருந்த சந்தை சரிந்தது.

கேடும் உடனே தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஃபுக்சின் தயாரித்த ஓர் ஆலையின் கழிவு நிலத்தடி நீரில் கலந்து, 1864-ல் அக்கம்பக்கத்தார் நோயுற்றனர். அனிலினை ஃபுக்சினாக மாற்ற அன்று ஆர்செனிக் அமிலம் பயன்படுத்தப்பட்டது. கிணற்று நீரில் கலந்திருந்த நஞ்சு அந்த ஆர்செனிக்தான். சாயத்தின் சிவப்பைக் கண்ணால் காணலாம். நோய் தந்த ஆர்செனிக்குக்கு நிறமில்லை. இந்த வேறுபாடு இத்துறையின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

1895-ல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் ஆலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் காணப்படுவதை அறிவித்தார். சாயத் தொழிலில் பயன்படும் சில அரோமாட்டிக் அமீன்கள் புற்றுநோயை உண்டாக்குபவை என்பது பிற்காலத்தில் உறுதியானது. காங்கோ சிவப்பின் அசோ பிணைப்பு உடைந்தால் வெளிப்படும் பென்சிடின் அவற்றுள் ஒன்று. இத்தகைய அமீன்களைத் தரக்கூடிய அசோ சாயங்களை ஜெர்மனி 1994-லும் இந்தியா 1997-லும் தடை செய்தன. அசோ பிணைப்பு உடைந்ததும் சாயம் நிறமிழந்துவிடும்; ஆனால் உடைந்த துண்டு முன்னைவிடக் கொடியதாக இருக்கக்கூடும் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

1956-ல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் பருத்தி இழையுடன் நேரடியாக வேதிப்பிணைப்புக் கொள்ளும் வினைபுரி சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வெளுக்காத பளிச்சென்ற நிறங்களால் அவை பின்னலாடைத் தொழிலில் நிலைபெற்றன. ஆயினும் தொட்டியில் இடும் சாயம் முழுவதும் துணியில் ஏறுவதில்லை. சாயத்தின் வகையைப் பொறுத்து 10 முதல் 50 விழுக்காடு வரை கழிவுநீரில் போய்விடுகிறது. சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவதற்காகச் சேர்க்கும் உப்போ ஏறத்தாழ முழுவதும் நீரிலேயே தங்கிவிடுகிறது.

வெள்ளை நிறமியின் குறைபாடு

இத்துறையின் தலையாய பொருளான டைட்டானியம் டைஆக்சைடு, நீர்த் தூய்மைக்காகத் தோன்றியதன்று. 1791-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார், ஓடை ஒன்றின் கருமணலில் புதிய தனிமம் இருப்பதைக் கண்டார். 1795-ல் ஜெர்மானிய வேதியியலர் கிளாப்ராத் அதற்கு டைட்டானியம் என்று பெயரிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேல் அதற்குப் பெரிய பயன் ஏதும் இருக்கவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் அதன் ஆக்சைடு வெள்ளை நிறமியாகத் தயாரிக்கப்பட்டது. நச்சுத்தன்மையுள்ள ஈய வெள்ளைக்கு அது நல்ல மாற்றாக அமைந்தது.

இந்த நிறமியின் மூலப்பொருளான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் செறிந்துள்ளது. அன்றைய திருவிதாங்கூர் அரசிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் மோனசைட்டைக் கண்டார். அதைத் தொடர்ந்து இக்கரையின் கருமணல் அகழப்பட்டது. மோனசைட்டோடு கிடைத்த இல்மனைட், வெள்ளை வண்ணத் தொழில் வளர்ந்தபோது பெருமதிப்புப் பெற்றது. 1930களில் உலகச் சந்தைக்கு வந்த இல்மனைட்டில் பெரும்பகுதி திருவிதாங்கூர்க் கரையிலிருந்து சென்றதுதான்.

வண்ண உற்பத்தியாளர்கள் இந்த வெள்ளையில் ஒரு குறையைக் கண்டார்கள். வெயில்படும் சுவர்களிலும் மரப்பரப்புகளிலும் பூசிய வண்ணம் சில காலத்தில் சுண்ணாம்பைப் போலப் பொடிந்து கையில் ஒட்டியது. அதனுடன் கலந்த பிற நிறங்களும் வெளிறின. நிறமி வெளிச்சத்தில் தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயையும் சாயத்தையும் சிதைக்கிறது என்பது மெல்லப் புலப்பட்டது.

1938-ல் இலண்டனைச் சேர்ந்த குடீவ், கிச்சனர் ஆகிய இருவர் இதைச் சோதனை வழி ஆராய்ந்தனர். டைட்டானியம் டைஆக்சைடு தூளின்மேல் நீலச் சாயம் ஒன்றைப் படியவைத்துப் புறஊதா ஒளியைச் செலுத்தினார்கள். சாயம் வெளுத்தது. ஆக்சைடு மாறாமல் இருந்தது. ஒளியை உட்கொண்ட ஆக்சைடின் புறப்பரப்பில் ஆக்சிஜன் வீரியமுள்ள நிலையை அடைந்து சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்று அவர்கள் விளக்கினர். உலோக ஆக்சைடால் சாயம் சிதைவது பற்றிய தெளிவான தொடக்க ஆய்வுகளுள் இது ஒன்று. ஆனால் அன்று அதைப் படித்தவர்களின் அக்கறை சாயத்தைக் காப்பாற்றுவதில் இருந்தது. நிறமித் துகள்களின்மேல் அலுமினா, சிலிக்கா போன்றவற்றை மெல்லிய உறையாகப் பூசி அதன் வீரியத்தை அடக்கும் வழிகள் வளர்ந்தன. சுவர் வண்ணங்களில் இன்றும் அவ்வாறே செய்யப்படுகிறது.

குறை குணமான கதை

1967-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த அகிரா ஃபுஜிஷிமா, பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவின் வழிகாட்டலில் டைட்டானியம் டைஆக்சைடு படிகம் ஒன்றையும் பிளாட்டினத்தையும் மின்முனைகளாக நீரில் வைத்து, படிகத்தின்மேல் ஒளியைச் செலுத்தினார். இரு முனைகளிலும் குமிழிகள் எழுந்தன. நீர் ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்துகொண்டிருந்தது. இந்த முடிவு 1972-ல் நேச்சர் இதழில் வெளியானது. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்ததால், சூரிய ஒளியிலிருந்து ஹைட்ரஜன் எரிபொருள் பெறலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது.

எரிபொருள் கனவு எளிதில் கைகூடவில்லை. ஆனால் அதே வினையைக் கொண்டு நீரிலுள்ள மாசுகளை அழிக்கலாம் என்பதைச் சிலர் கண்டனர். 1976-ல் கனடாவில் கேரியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், பிசிபி எனப்படும் குளோரின் சேர்மங்கள் டைட்டானியம் டைஆக்சைடு கலந்த நீரில் ஒளிபட்டுச் சிதைவதைக் காட்டினர். 1977-ல் அமெரிக்காவில் ஃபிராங்கும் பார்டும் சயனைடை இவ்வாறு அழிக்கலாம் என்று காட்டினர். அதன்பின் பூச்சிக்கொல்லிகள், பீனால்கள், சாயங்கள் என்று பட்டியல் நீண்டது. 1990களின் தொடக்கத்தில் தென் ஸ்பெயினின் அல்மேரியாவிலுள்ள சூரிய ஆற்றல் மையத்தில், திறந்தவெளியில் சூரிய ஒளியைக் கொண்டே கழிவுநீரைத் தூய்மையாக்கும் சோதனைகள் நடந்தன. வண்ணத் தொழிலில் குறையாகக் கருதப்பட்ட பண்பு, நீர்த் தூய்மைக்கு நம்பிக்கையாக மாறியது.

செயல்படும் விதம்

டைட்டானியம் டைஆக்சைடு ஒரு குறைக்கடத்தி. அதன் அனடேஸ் வகைப் படிகத்தில் இணைதிறன் பட்டைக்கும் கடத்தும் பட்டைக்கும் இடையே ஏறத்தாழ 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி உள்ளது. 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி பட்டால், ஓர் எலக்ட்ரான் மேல் பட்டைக்குத் தாவி, கீழே ஒரு துளையை விட்டுச் செல்கிறது. துளை நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்குகிறது. எலக்ட்ரான் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. ஹைட்ராக்சில் தனி உறுப்பு மிகுந்த வீரியமுள்ளது. அது சாய மூலக்கூறைப் படிப்படியாக உடைத்து, வினை முழுமையடைந்தால், கார்பன் டைஆக்சைடு, நீர், எளிய உப்புகள் ஆகியவையாக மாற்றிவிடும்.

எலக்ட்ரானும் துளையும் மீண்டும் சேர்ந்துவிட்டால் ஒளியின் ஆற்றல் வெப்பமாக வீணாகும். துகள் சிறிதாக இருந்தால் அவை புறப்பரப்பை விரைந்து அடையும். சாயம் ஒட்டும் பரப்பும் கூடும். இதனால்தான் துகளைத் தயாரிக்கும் முறைக்கு இத்துறையில் இவ்வளவு முதன்மை.

நீரின் அமிலத் தன்மையும் முதன்மையானது. ஒவ்வோர் ஆக்சைடும் ஒரு குறிப்பிட்ட பிஎச் அளவில் மின்சுமையற்று இருக்கும். டைட்டானியம் டைஆக்சைடுக்கு அது ஏறத்தாழ 6. அதற்குக் கீழே துகளின் பரப்பு நேர்மின் சுமை பெற்று, காங்கோ சிவப்பு போன்ற எதிர்மின் சாயங்களை இழுக்கும். அதற்கு மேலே எதிர்மின் சுமை பெற்று, மெத்திலீன் நீலம் போன்ற நேர்மின் சாயங்களை இழுக்கும்.

துகள்களைத் தயாரிக்கும் முறைகள்

சுடர் முறை: டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆவியை ஹைட்ரஜன்-ஆக்சிஜன் சுடரில் செலுத்தினால் மிக நுண்ணிய ஆக்சைடுத் தூள் கிடைக்கும். ஜெர்மனியின் டெகுசா நிறுவனம் 1940களில் சிலிக்காவுக்காக உருவாக்கிய இம்முறையில் பின்னர் பி25 என்னும் டைட்டானியம் டைஆக்சைடைத் தயாரித்தது. அதில் அனடேஸ் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. எஞ்சியது பெரும்பாலும் ரூட்டைல். எந்தப் புதிய துகளையும் பி25 தூளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஆய்வாளர்களிடையே வழக்கமாயிற்று.

சால்-ஜெல் முறை: உலோக அல்காக்சைடு நீருடன் மெல்ல வினைபுரிந்து முதலில் கூழ்மமாகவும் பின் களியாகவும் மாறும். அதை உலர்த்திச் சுட்டால் ஆக்சைடு கிடைக்கும். இதன் வேர் 1840களில் பிரெஞ்சு வேதியியலர் எபெல்மன் சிலிக்காவில் செய்த சோதனைகளில் உள்ளது.

உடன்வீழ்படிவு முறை: இரும்பின் ஃபெரஸ், ஃபெரிக் உப்புகளை 1:2 விகிதத்தில் கலந்து காரம் சேர்த்தால் கருநிற மேக்னடைட்டு வீழ்படிவாகிறது. 1981-ல் பிரெஞ்சு வேதியியலர் மசார் வெளியிட்ட முறை இன்றும் பின்பற்றப்படுகிறது. காந்தத்தால் ஈர்க்கப்படுவதால் இத்துகள்களைச் சாயம் கவர்ந்த பின் எளிதில் பிரித்தெடுக்கலாம்.

எரிதல் முறை: பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் கிங்ஸ்லியும் கே. சி. பாட்டீலும் 1988-ல் வெளியிட்ட முறை இது. அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் நீரில் கரைத்து 500 பாகை செல்சியசிலுள்ள உலையில் வைத்தால், கரைசல் கொதித்து, நுரைத்து, தீப்பற்றிச் சில நிமிடங்களில் உப்பிய வெண்ணிற அலுமினாவாகும். நைட்ரேட் ஆக்சிஜன் தர, யூரியா எரிபொருளாகிறது. அதே கழகத்தில் ஹெக்டே, கிரிதர் மெட்ராஸ் ஆகியோரின் குழு கிளைசினை எரிபொருளாகக் கொண்டு 8 முதல் 10 நானோமீட்டர் அளவுள்ள அனடேஸ் துகள்களைத் தயாரித்தது. சூரிய ஒளியில் பல சாயங்களை அவை பி25 தூளைவிட விரைவாகச் சிதைத்ததாக 2004-ல் அக்குழு வெளியிட்டது.

அண்மைக் காலத்தில் இலைச்சாறுகளைக் கொண்டு துத்தநாக ஆக்சைடு போன்றவற்றைத் தயாரிக்கும் பசுமை முறை தமிழகக் கல்லூரி ஆய்வகங்களிலும் பரவியுள்ளது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலே செய்யலாம் என்பது இதன் சிறப்பு. துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் காரத்திலும் கரைந்துவிடும் என்பது அதன் குறை.

மெத்திலீன் நீலம் என்னும் அளவுகோல்

இந்த ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படும் சாயம் மெத்திலீன் நீலம். மலிவானது, நீரில் கரைவது, 664 நானோமீட்டர் அருகில் ஒளியை வலுவாக உட்கொள்வது. நிறமானி ஒன்றிருந்தால் எவ்வளவு நிறம் குறைந்தது என்று உடனே அளந்துவிடலாம். 2010-ல் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பும் ஒளிவினையூக்கப் பரப்புகளைச் சோதிக்க இச்சாயத்தை ஏற்றது.

இந்த வசதியே சிக்கலையும் கொண்டுவந்தது. நிறம் குறைவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். சாயம் உண்மையில் சிதைந்திருக்கலாம், துகளில் ஒட்டியிருக்கலாம், அல்லது எலக்ட்ரானைப் பெற்று நிறமற்ற வடிவத்துக்கு மாறியிருக்கலாம். மூன்றாவது நிலையில், காற்றுப் பட்டதும் நீலம் திரும்பி வந்துவிடும். மேலும் சாயம் தானே கண்ணுறு ஒளியை உட்கொண்டு எலக்ட்ரானை ஆக்சைடுக்குத் தருவதும் உண்டு. 1991-ல் கிரேட்செல் உருவாக்கிய சாயச் சூரிய மின்கலம் இயங்குவதே இந்தப் பண்பினால்தான். எனவே கண்ணுறு ஒளியில் மெத்திலீன் நீலம் வெளுத்தது என்பதால் மட்டும் ஓர் ஆக்சைடு கண்ணுறு ஒளியில் செயல்படும் வினையூக்கி என்று முடிவு செய்ய இயலாது. 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓதானி முதலானோர், இச்சாயம் இத்தகைய சோதனைக்கு ஏற்றதுதானா என்ற கேள்வியையே தலைப்பாக்கிக் கட்டுரை எழுதினர்.

உண்மையான சிதைவை உறுதி செய்ய நீரில் எஞ்சியுள்ள மொத்தக் கரிமக் கார்பனையும், வெளிவரும் சல்பேட், நைட்ரேட் போன்றவற்றையும் அளக்க வேண்டும். 2001-ல் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் மெத்திலீன் நீலத்துக்கு இதைச் செய்து, முழுச் சிதைவு இயலும் என்பதைக் காட்டினர். நிறமானியின் அளவீட்டோடு நின்றுவிடும் ஆய்வுகளுக்கு அந்த உறுதி இல்லை.

நொய்யல் தரும் பாடம்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யல், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவால் சீரழிந்தது. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் இடமாயிற்று. கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஆற்றில் விடாத பூஜ்ய வெளியேற்ற முறையை வலியுறுத்தியது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை உறுதி செய்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன.

அந்த உழவர்களின் நிலத்தைக் கெடுத்ததில் உப்புக்கே பெரும்பங்கு. வினைபுரி சாயமேற்ற ஒரு லிட்டர் நீரில் பல பத்து கிராம் உப்பு சேர்க்கப்படுகிறது. நிறம் நீங்கிய கழிவுநீரிலும் அது அப்படியே இருக்கும். அந்த நீர் பாய்ந்த வயலில் பயிர் கருகும், கிணறு உவர்க்கும். எந்த ஒளிவினையூக்கியும் உப்பை அழிக்காது. எனவே திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர் சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள் ஆகியவற்றை நாடின. அவை நீரையும் உப்பையும் மீட்டுத் தருகின்றன. ஆனால் மிகுந்த மின்சாரமும் எரிபொருளும் கேட்கின்றன.

ஆய்வகத்துக்கும் பட்டறைக்கும் இடையேயுள்ள பிற வேறுபாடுகளும் இங்கே தெளிவாகின்றன. சோதனைக் குடுவையில் இருப்பது காய்ச்சி வடித்த நீரும் லிட்டருக்குச் சில மில்லிகிராம் சாயமும். பட்டறைக் கழிவில் அடர்ந்த நிறம் ஒளியை உள்ளே விடாது. குளோரைடும் கார்பனேட்டும் ஹைட்ராக்சில் தனி உறுப்பைச் சாயத்தை அடையுமுன்பே பிடித்துக்கொள்ளும். சூரிய ஒளியில் புறஊதாப் பங்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 2001-ல் ஜப்பானில் அசாஹி குழுவினர் நைட்ரஜன் கலந்து, கண்ணுறு ஒளியிலும் டைட்டானியம் டைஆக்சைடைச் செயல்பட வைக்க முயன்றது இக்குறையைத் தீர்க்கவே. வேலை முடிந்த நுண்துகள்களை நீரிலிருந்து பிரிப்பதும் தனிப் பணி. கண்ணாடியிலோ மணியிலோ துகளைப் பதித்தால் பிரிக்கும் தொல்லை இல்லை. ஆனால் பரப்புக் குறைந்து வேகமும் குறையும்.

மதிப்பீடு

உலோக ஆக்சைடுத் துகள்கள் பயனற்றவை என்று இவற்றால் முடிவு கட்டக் கூடாது. நுண்ணுயிர்களால் சிதைக்க இயலாத கரிமப் பொருள்களைக் குறைந்த செறிவில் அழிப்பதில் ஒளிவினையூக்கம் திறன் வாய்ந்தது. பிற சுத்திகரிப்பு நிலைகளுக்குப் பின், எஞ்சிய நிறத்தையும் நச்சையும் நீக்கும் இறுதிப் படியாக அது பொருந்தும். சவ்வுகளுக்கு முன்பாகக் கரிமப் பொருளைக் குறைத்தால் சவ்வு அடைபடுவதும் குறையலாம். கவரும் துகள்களைப் பொறுத்தவரை, சாயம் ஏறிய துகளை எங்கே கொண்டு சேர்ப்பது என்ற கேள்விக்கும் விடை காண வேண்டும்.

இத்துறையில் ஆய்வு செய்யத் தொடங்கும் மாணவர்கள் குறைந்தது நான்கு சோதனைகளைச் சேர்த்துக்கொள்வது நல்லது. இருட்டில் துகளுடன் சாயநீரை வைத்து ஒட்டும் அளவைத் தனியே அளத்தல். துகள் இல்லாமல் ஒளியில் மட்டும் வைத்துப் பார்த்தல். மொத்தக் கரிமக் கார்பனை அளத்தல். உப்பும் காரமும் கலந்த நீரில், இயலுமானால் உண்மையான சாயக் கழிவிலேயே, அதே சோதனையைத் திரும்பச் செய்தல். நான்காவது சோதனையில் எண்கள் பெரும்பாலும் இறங்கிவிடும். நொய்யல் கரை உழவருக்குப் பயன்படக்கூடியவை அந்த இறங்கிய எண்கள்தான்.